மோட்டார் போட்டால் லைட் மங்குமா?

போன வாரம் நிவேதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மேற்குத் தாம்பரத்தில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில், என் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண் அவள்.

"அக்கா, இப்பல்லாம் கஸ்டமரே லிஸ்டை போன்ல போட்டு எடுத்துட்டு வந்துடறாங்க. எதுக்கு எது ஒத்துப்போகும்னு ஆப்பே சொல்லிடுது. தப்பும் இருக்கறதில்ல. நான் நம்ம பதினோரு கேள்வியை ஆரம்பிச்சா, 'இதெல்லாம் எதுக்கு மேடம்'னு மூஞ்சியைச் சுளிக்கறாங்க. கேக்கணுமா, விட்டுடலாமா?"

'கேள்' என்று அடித்தேன். அனுப்புமுன் அழித்தேன். 'உனக்குச் சரியென்று படுவதைச் செய்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். என் சுபாவம் அப்படி. மகள் யாழினிக்குப் போன மாதம் ஒரு வயது நிறைந்தது. தடுப்பூசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அட்டையை எடுத்து, போட வேண்டியதைத்தான் போட்டார்களா என்று இரண்டு முறை பார்ப்பேன். அவள் தூங்கினால் மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன். "ரிட்டயர்டு ஆபீசர் ரவுண்ட்ஸ் கிளம்பிட்டாங்க" என்பார் என் கணவர். வேலையை விட்டுப் பதினைந்து மாதம் ஆகிறது. முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு இனிப் போக மாட்டேன் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

நிவேதாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், அந்தப் பதினோரு கேள்விகளில் ஒன்றை நான் கேட்காமல் விட்டதுதான். அதனால் நடந்ததை எழுதிவிட்டால் அவளுக்கும் பதில் கிடைக்கும், எனக்கும் பாரம் குறையும்.

என் வேலை என்ன என்று மாமியாருக்குப் புரியவைக்கவே எனக்கு வெகுநாள் ஆனது. எங்கள் கடையில் ரெடிமேட் கம்ப்யூட்டர் விற்பதில்லை. பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினெட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தருவித்து, கோத்துக் கொடுப்போம். பெரும்பாலும் விளையாடுவதற்கான மெஷின்கள். வருகிறவர் கையில் இருக்கும் பணத்துக்குள், ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பாகங்களின் லிஸ்ட் எழுதுவது என் வேலை. ஸ்குரூடிரைவரைத் தொடுபவர் முரளி அண்ணன். பேனாவைத் தொடுபவள் நான். "கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் போடற சமையல்காரர் மாதிரி அத்தை" என்றேன் கடைசியில். அவருக்குப் புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, முதல் வருடம் பில் மட்டும் போட்டேன். இரண்டாவது வருடம் பெட்டிகளின் மேல் இருக்கும் எண்களைப் படித்து அடுக்கினேன். எந்த மதர்போர்டில் எந்த பிராசசர் உட்காரும், எந்த கார்டு எந்த கேபினெட்டுக்குள் நுழையாது என்பதெல்லாம் அப்படி அடுக்கும்போதே மனதில் ஏறியது. மூன்றாவது வருடம் ஸ்டெல்லா அக்கா லிஸ்ட் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

ஸ்டெல்லா அக்காதான் கடையின் முதலாளி. எனக்கு எட்டு வயது மூத்தவர். கடை வைப்பதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே கற்ற பழக்கத்தை அப்படியே கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். கடை முழுக்க கம்ப்யூட்டர் இருந்தாலும் லிஸ்ட் எழுதுவது காகிதத்தில்தான். கார்பன் வைத்த டூப்ளிகேட் புத்தகம். வெள்ளைத் தாள் கடைக்கு, மஞ்சள் தாள் வாடிக்கையாளருக்கு. தாளின் மேல் பாதியில் பதினோரு கேள்விகள் அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே ஆம், இல்லை என்று டிக் போடக் கட்டங்கள். கீழ்ப் பாதியில் பாகங்கள். எழுதியதை மாற்ற வேண்டி வந்தால் ஒரே ஒரு கோடுதான் போடலாம். அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும். யார் கேட்டு மாற்றினோமோ அவர்கள் ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வெள்ளையிலும் மஞ்சளிலும்.

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். "கம்ப்யூட்டர் கடையில கார்பன் பேப்பரா?"

"கம்ப்யூட்டர்ல மாத்துனா, மாத்துனதே தெரியாது சார். பேப்பர்ல அடிச்சா, அடிச்சது தெரியும்" என்பார் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

இன்னொரு பழக்கம், லிஸ்டின் முதல் வரியில் பவர் சப்ளை. எல்லோரும் கிராபிக்ஸ் கார்டில்தான் ஆரம்பிப்பார்கள். விளையாட்டு எவ்வளவு அழகாகத் தெரியும் என்பது அதில்தானே இருக்கிறது. பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டப்பா. கண்ணுக்குத் தெரியாது, விளக்கு எரியாது, நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். அதனால் அதை முதலில் எழுதி, அதற்குரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தில்தான் மற்றது.

பதினோரு கேள்விகளில் ஒன்றுகூட விளையாட்டைப் பற்றியது இல்லை. மெஷினை எங்கே வைப்பீர்கள். அந்த இடத்தின் அகலம் உயரம் என்ன. பக்கத்தில் சாமி அலமாரி உண்டா, சாம்பிராணி போடுவீர்களா. அந்தச் சுவரில் எத்தனை பிளக். இப்படிப் போகும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது. செம்பாக்கத்தில் ஒருவர், தூசி படாமல் இருக்கட்டும் என்று மெஷினை ஸ்டீல் பீரோவுக்குள் வைத்து, வயர் வருமளவுக்குக் கதவைத் திறந்து வைத்து விளையாடினார். ஒரு வாரத்தில் பீரோவில் இருந்த பட்டுப்புடவை இஸ்திரி போட்ட மாதிரி சூடாக இருந்ததாம். அவர் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு வந்தது முதல் கேள்வி.

ஒன்பதாவது கேள்வி, மோட்டார் போட்டால் லைட் மங்குமா?

எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் போர் தண்ணீர்தான். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் நொடியில் வீட்டுக்கு வரும் கரண்ட் சட்டென்று இறங்கும். புது வயரிங் என்றால் தெரியாது. பழைய வீடு என்றால் டியூப்லைட் ஒரு முறை செத்துப் பிழைக்கும். ஆம் என்று பதில் வந்தால், எவ்வளவு இறங்கினாலும் தாங்கும் உயர்ரக பவர் சப்ளைதான் எழுத வேண்டும், அதில் பேரமே கிடையாது என்பது அக்காவின் சட்டம்.

இந்தக் கேள்வியை நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒன்பதாவது கேள்வியைக் கேட்டதும் ஒருவன், "மச்சான், நாம கம்ப்யூட்டர் கடைக்கு வந்தோமா, கரண்ட் ஆபீசுக்கு வந்தோமா?" என்றான். மற்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கெட்டவர்கள் இல்லை. ஆனால் எனக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரும்போது குரல் தானாக இறங்கியது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறவரிடம், உங்கள் வீடு பழசா, வாடகையா என்று கேட்பது போல இருந்தது. கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டேன். பேசிக்கொண்டே 'இல்லை'யில் டிக் போட்டுவிட்டு பத்தாவதுக்குப் போய்விடுவேன். இது எனக்கு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி இருந்த நாட்களில்தான் பவித்ராவும் அவள் அப்பாவும் வந்தார்கள்.

அப்பா தணிகாசலம், பஸ் கண்டக்டர். சட்டைப் பையில் பேனா, காதோரம் நரை, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கோவிலம்பாக்கத்தில் வீடு. பவித்ராவுக்கு இருபத்து மூன்று வயது. ஒரு கம்பெனியில் வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி. ஐந்து பெண்கள் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் ஆடும் குழுவில் அவளும் ஒருத்தி. ஒருத்தி கோயம்புத்தூரில், ஒருத்தி ஹூப்ளியில், இப்படி ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு நெட்டில் ஆடுகிறார்கள். அடுத்த மாதம் ஒரு போட்டிக்குத் தகுதிச் சுற்று. அவளுடைய பழைய லேப்டாப் பாதி ஆட்டத்தில் திணறி நின்றுவிடுகிறது. அவளுக்குக் கழுத்துச் சங்கிலி வாங்க ஒதுக்கியிருந்த பணம் அறுபத்தைந்தாயிரம். அதைத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

"சங்கிலி வாங்குனா நாளைக்கு அடகு வெச்சாவது நாலு காசு பாக்கலாம். இத எவன் அடகு புடிப்பான்?" என்றார் தணிகாசலம்.

"அப்பா, வழியெல்லாம் இதையே சொல்லிகினு வந்த. கடையிலயுமா?"

"கேட்டேன், அவ்ளோதான்." என்னிடம் திரும்பினார். "எனக்கு இது ஒண்ணும் தெரியாதும்மா. ஒரே கண்டிஷன். நீங்க என்னா எழுதிக் குடுக்கறீங்களோ அதான் வாங்கணும். இது இஷ்டத்துக்கு ஒண்ணும் மாத்தக் கூடாது. மாத்தி, அப்புறம் அது ரிப்பேர் இது ரிப்பேர்னு வந்துதுன்னு வை, மிஷினைத் திருப்பிக் குடுத்துட்டு சங்கிலி வாங்கிடுவேன்."

"சரிப்பா" என்றாள் பவித்ரா.

கேள்விகளைக் கேட்டேன். மெஷின் அவள் அறையில், ஜன்னலோர மேசையில். சாமி அலமாரி ஹாலில். ஒன்பதாவதில் வழக்கம்போல 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டுப் பத்தாவதைக் கேட்டேன். முதல் வரியில் அறுநூற்றைம்பது வாட்டில் நல்ல பவர் சப்ளை. பிறகு மற்றவை. அறுபத்து நாலாயிரத்துச் சொச்சத்தில் முடித்தேன். தணிகாசலம் முன்பணம் கட்டினார். மஞ்சள் தாளை இரண்டாக மடித்துப் பவித்ராவிடம் கொடுத்தார்.

மறுநாள் மதியம் அவள் மட்டும் வந்தாள். கையில் மஞ்சள் தாள்.

"அக்கா, ஒரே ஒரு சேஞ்ச். இதுக்கு ஒரு படி மேல இருக்கற கார்டு போட முடியுமா? எங்க டீம்ல எல்லார்கிட்டயும் அதான் இருக்கு. நான் மட்டும் கம்மியா வெச்சுகினு இருந்தா, எதிர்ல ஆள் வர்றது எனக்கு லேட்டாத்தான் தெரியும்."

"பட்ஜெட் தாண்டுமே."

"பவர் சப்ளையைக் கொறச்சா வரும்னு யூடியூப்ல சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்களேன்."

"அப்பா மாத்தக் கூடாதுன்னாரே."

அவள் கவுண்டரில் இருந்த ஸ்டாண்டில் பேனாவைச் சொருகிச் சொருகி எடுத்தாள். "அவருக்கு கார்டுக்கும் சப்ளைக்கும் வித்தியாசம் தெரியாதுக்கா."

கணக்குப் போட்டேன். எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் முந்நூற்றெழுபது வாட்டைத் தாண்டாது. ஐந்நூற்றைம்பது வாட் சாதாரண சப்ளை போதும். ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தேன். இல்லை என்று இருந்தது. என் டிக்கையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். முதல் வரியில் ஒரு கோடு. கார்டு வரியில் ஒரு கோடு. ஓரத்தில் 'பவித்ரா' என்று அவள் கையெழுத்து, தேதி. இரண்டு தாளிலும்.

ஐந்தாவது மாத ஸ்கேனுக்காக நான் லீவு போட்ட அன்று மெஷின் டெலிவரி ஆயிற்று. நான்காவது நாள் போன் வந்தது.

"அக்கா, ஆறு மணிக்கு டொப்புனு ஆஃப் ஆயிடுது. அதுவா மறுபடி ஆன் ஆவுது. நேத்தும் அப்படித்தான், முந்தா நாளும் அப்படித்தான்."

ஆறு மணிக்குத்தான் அவர்கள் பயிற்சி ஆட்டம் தொடங்கும். மெஷின் மறுபடி எழுந்து, அவள் ஆட்டத்துக்குள் போவதற்கு மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் மற்ற நால்வரும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

மெஷின் கடைக்கு வந்தது. முரளி அண்ணன் இரண்டு நாள் முழு வேகத்தில் ஓடவிட்டார். ஃபேன், சூடு, ராம், ஒன்றொன்றாகப் பார்த்தார். கல்லு மாதிரி ஓடியது. திருப்பி அனுப்பினோம். அன்றைக்கே ஆறு ஐந்துக்கு அணைந்தது. நெட் கனெக்‌ஷனா என்று கேட்டேன். விண்டோஸ் அப்டேட்டா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் டிக்கைத் தவிர.

"சனிக்கெழமை குவாலிஃபயர் அக்கா" என்றாள் பவித்ரா. போனில் அவள் குரல் மிக மெதுவாக இருந்தது. "கேப்டன் சொல்லிட்டா. இன்னொரு வாட்டி பாதியில காணாம போனா, வெளியில இருக்கற பொண்ணை உள்ள எடுத்துப்பாங்களாம். எங்கப்பா வேற டெய்லி சங்கிலியைப் பத்திப் பேசறாரு."

ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "கடையில வராத நோவு வூட்ல வருதுன்னா, நோவு வூட்டுலதான்டி கீது. நீ எழுதுன லிஸ்ட், நீயே போய்ப் பாத்துட்டு வா. ஆட்டோல போ. முரளி வண்டில ஏறுனன்னு தெரிஞ்சுது, உன் மாமியாருக்கு நானே போன் போட்டுச் சொல்லிடுவேன்."

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாடி வீடு, கீழ்த்தளத்தில் இவர்கள் வாடகைக்கு. காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்த தணிகாசலம் கதவைத் திறந்தார்.

"வாங்கம்மா. இது மிஷினா, சீரியல் செட்டானு எனக்கே சந்தேகமா கீது. பொழுது சாஞ்சா அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

ஹாலில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பவித்ரா அவள் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். கதவு திறந்திருந்தது. அறையில் எல்.இ.டி. பல்பு. ஹாலில் பழைய டியூப்லைட். டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது மாடியில் டக் என்று ஒரு ஸ்விட்ச் சத்தம். டியூப்லைட் கண்ணை மூடித் திறந்தது. ஃபேனின் சத்தம் இறங்கி ஏறியது. உள்ளே பவித்ரா, "போச்சு" என்றாள்.

நான் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது மேல் வூட்டு ஓனரம்மா மோட்டார் போடறாங்க" என்றார் தணிகாசலம். "எட்டு வருஷமா ஆறு மணிதான். ஆறரைக்கு சீரியல், அதுக்குள்ள டேங்க் ரொம்பணும்."

"போடும்போதெல்லாம் லைட் மங்குமா சார்?"

"மங்கும். பழகிப்போச்சு, நாங்க எங்க அதப் பாக்கறோம்."

எழுந்து அறைக்குள் போனேன். கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் போன் வெளிச்சத்தில் படித்தேன். இருநூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் வரை என்று இருந்தது. நான் முதலில் எழுதிய பெரிய சப்ளையில் நூறு முதல் இருநூற்று நாற்பது வரை என்று இருக்கும். இது இருநூறுக்குக் கீழே கரண்ட் இறங்கினால் கையை விரித்துவிடும். அது தாங்கிக்கொண்டு ஓடும். எங்கள் கடையில் எல்லா பிளக்கும் ஸ்டெபிலைசர் வழியாக வருவதால் அங்கே இந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் தெரியாது.

வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"ஒம்போதாவதுல 'இல்ல'ன்னு டிக் கீது."

"ஆமாக்கா."

"கேட்டியா?"

"கேக்கல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவங்க தப்பா சொல்லி நீ எழுதியிருந்தா அது அவங்களோடது. நீயா போட்டா அது நம்மளோடது. பெரிய சப்ளையை எடுத்து வைக்கறேன். சின்னதைத் திருப்பி எடுத்துக்கலாம், நமக்கு டெஸ்டிங்குக்கு ஆவும். வித்தியாசம் மட்டும் வாங்கு. டீ குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா."

"சரி, இருட்டறதுக்குள்ள கெளம்பு."

உள்ளே போனேன். பவித்ரா மேசை அருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, எது காரணம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சப்ளையை மாற்றச் சொன்னது அவள். அப்பா போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. அதை அவள் மீறியது இப்போது வெளியே வந்தால் மெஷின் திரும்பிப் போகும், சனிக்கிழமை வேறொருத்தி ஆடுவாள்.

"கண்டுபிடிச்சுட்டேன் சார்" என்றேன். "உள்ள இருக்கற பவர் சப்ளை உங்க வீட்டு கரண்டுக்குப் பத்தாது. முதல்ல எழுதினது சரியானது. அப்புறம் நான்தான் சின்னதா மாத்திட்டேன். என் தப்பு. நாளைக்கே பெருசு போட்டுடறோம்."

"நீங்களா மாத்துனீங்க?"

"ஆமா சார். நான்தான்."

பவித்ரா கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்டியா" என்றார் தணிகாசலம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆட்டோ கெடைக்கற எடம் வரைக்கும் வர்றேன், வாங்க."

நான் சொன்னது பொய்யா என்று அன்றிலிருந்து பல முறை யோசித்திருக்கிறேன். கேட்காமல் டிக் போட்டது என் தப்புதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. மாற்றியது யார் என்று கேட்டார். அவர் மகளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேனா, என் டிக்கைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டு இப்படிச் சுருக்கிச் சொன்னேனா என்பதும் இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

மேடவாக்கம் ரோடு வரை நடந்தோம். எனக்காக மெதுவாக நடந்தார். பெட்டிக்கடை அருகே நின்று, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தார். நாலாக மடித்திருந்தது.

"மிஷினை எடுக்க அன்னிக்கு நான்தாம்மா வந்தேன். நீங்க இல்ல. பாப்பா மேசையிலேர்ந்து அதுக்குத் தெரியாம இத எடுத்தாந்து, ஒவ்வொண்ணா சரிபாத்து வாங்குனேன். இருபத்தாறு வருஷமா சீட்டு பாக்கறவன். மொத வரியில கோடு, ஓரத்துல எம்பொண்ணு கையெழுத்து. படிக்காம வுடுவேனா?"

"சார்..."

"வூட்டுக்குப் போயி நாலு வார்த்தை கேக்கணும்னுதான் போனேன். மிஷினை மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு உங்க ஆளு. சாயங்காலம் இது காதுல மாட்டிகினு யார்கூடவோ பேசுது. இங்கிலீஷ்ல. இங்க வா, அங்க போ, நான் பாத்துக்கறேன்னு உத்தரவு போடுது. எங்கூட்ல அது அவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதே இல்லம்மா. கதவாண்ட நின்னு கேட்டுகினு இருந்தேன். அப்புறம் கேக்கத் தோணல."

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று, ஆள் இல்லை என்று போனது.

"இன்னொண்ணு." விரலால் தாளின் மேல் பாதியைத் தொட்டார். "இந்த மோட்டார் கேள்வி. இல்லன்னு போட்டு கீது. இத நீங்க என்னைக் கேக்கவே இல்லியே?"

"இல்ல சார். கேக்கல."

"கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்." குரலில் கோபம் இல்லை. பாக்கிச் சில்லறையைச் சொல்வது போலச் சொன்னார். தாளை மறுபடி மடித்து என் கையில் வைத்தார். "இத நீங்களே வெச்சுக்குங்க. வூட்ல கெடந்தா பாப்பா கண்ல படும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீது. அப்டியே இருந்துட்டுப் போவட்டும்."

"அப்ப சங்கிலி பத்தி டெய்லி..."

"அது சும்மா. பயம் இருக்கணும் இல்ல?"

வெள்ளிக்கிழமை முரளி அண்ணன் பெரிய சப்ளையை மாட்டிவிட்டு, வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு வந்தார். கடையில் வெள்ளைத் தாளை எடுத்து, ஒன்பதாவது கேள்வியின் டிக் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். 'கேட்காமல் போட்டது' என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். ஸ்டெல்லா அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு ஃபைலில் சொருகினார். "இங்க் நல்லா காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை ஐந்தரையிலிருந்து நான் யாருக்கும் ஒழுங்காக லிஸ்ட் எழுதவில்லை. கடிகாரத்தையும் போனையும் பார்த்தபடி இருந்தேன். ஆறு ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. ஏழு பத்துக்குச் செய்தி வந்தது.

"அக்கா மோட்டார் போட்டாங்க. அப்பா ஹால்லேர்ந்து லைட் மங்குச்சு லைட் மங்குச்சுனு கத்தறாரு. எனக்கு ஒண்ணுமே ஆகல. ஜெயிச்சுட்டோம்."

அடுத்த சுற்றில் தோற்றுப்போனார்கள். அதற்கும் பவர் சப்ளைக்கும் சம்பந்தமில்லை. எதிரணி நன்றாக ஆடியதாம். குழுவில் அவள் இன்னும் இருக்கிறாள்.

இதை எழுதலாமா என்று எனக்குத் தயக்கம். பெயர்களை மாற்றிவிட்டேன். ஆனாலும் பவித்ரா படித்தால், அப்பாவுக்கு அன்றே தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே. நேற்று யாழினி தூங்கிய நேரத்தில் தணிகாசலம் சாருக்குப் போன் செய்து கேட்டேன். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"தாராளமா எழுதுங்கம்மா. அதான் பொங்கலுக்கு அதுவே வந்து சொல்லிடுச்சே. அப்பா, அந்த அக்கா மேல தப்பு இல்ல, நான்தான் மாத்தச் சொன்னேன்னு. கண்ல தண்ணி வேற."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்டியான்னேன். அப்பத்தான் மொத வாட்டி கேக்கற மாதிரி."

மஞ்சள் தாள் யாழினியின் தடுப்பூசி அட்டையோடு அதே உறையில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாளில்தான் கோடு போட்டேன். இதில் என் டிக் அப்படியே இருக்கிறது. பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். இதில் அடிக்க வேண்டாம் என்று தோன்றியது.

நிவேதாவுக்கு மறுபடி செய்தி அடித்தேன். 'பதினொன்றையும் கேள். பதில் வந்த பிறகு டிக் போடு.' இந்த முறை அழிக்காமல் அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "மோட்டாரையுமா அக்கா? எல்லாரும் சிரிக்கறாங்க."

'சிரிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் பேனாவை வெச்சுட்டு இரு' என்று எழுதினேன்.